ஊசி போட்ட மறுநாள்: மாத்திரையா, அரைத் தட்டா?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஊசிப் பேனாக்கள் இருக்கின்றன. இரண்டுமே உடல் எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போடுபவை. மௌஞ்சாரோ எனக்கு, வெகோவி அக்காவுக்கு. எது உசத்தி என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எடையை மட்டும் பார்த்தால் பதில் சுலபம். இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. 72 வாரத்தில் மௌஞ்சாரோவில் உள்ள டிர்செபடைட் சராசரியாக 20.2 சதவீதம் எடையைக் குறைத்தது, வெகோவியில் உள்ள செமாக்ளுடைட் 13.7 சதவீதம். ஆனால் ஊசியைத் தொடங்கும் ஆளுக்கு இந்தக் கணக்கு அப்போதைக்கு உதவாது. இரண்டுமே இரைப்பை காலியாவதைத் தாமதமாக்குகின்றன. குமட்டல், எதுக்களிப்பு, பேதி, மலச்சிக்கல் எல்லாம் இரண்டிலும் உண்டு. எந்த ஊசி என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். போட்ட பிறகு வீட்டில் நாம் எடுக்கும் முடிவுகளைப் பார்ப்போம்.

முதலில் குமட்டல். இரண்டாவது ஊசிக்கு மறுநாள் காலை, வழக்கம்போல நெய் மிதக்கும் பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிட்டேன். பதினொரு மணிக்கு நெஞ்சுக்குழியில் ஏதோ ஏறி உட்கார்ந்துகொண்டது. மாலை நாலு மணிக்கு ஒரு ஏப்பம் வந்தது, அதில் காலையில் கடித்த மிளகின் வாசனை! மருந்துக் கடைக்கு ஓடி வாந்தியை அடக்கும் ஒண்டான்செட்ரான் மாத்திரை வாங்கிப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் குமட்டல் அடங்கியது. அப்புறம் மூன்று நாள் மலம் போகவில்லை. அந்த மாத்திரைக்கே மலச்சிக்கல் ஒரு பக்கவிளைவு, ஊசிக்கும் அதுவே. டோம்பெரிடோன் வேறு ரகம், வயிற்றிலிருந்து உணவைக் கீழே தள்ளிவிடும். ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது, கேட்காமல் போடக்கூடாது.

அக்காவின் வழி வேறு. எட்டு மணிக்கு ஒரு இட்லி, பத்தரைக்கு இன்னொன்று, நடுவில் அரை டம்ளர் மோர். எண்ணெய், நெய் கிட்டத்தட்ட இல்லை. கொழுப்பு தானாகவே இரைப்பையில் நெடுநேரம் தங்கும், ஊசியும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். “பழைய அளவையே சாப்பிடற, அப்புறம் ஊசியத் திட்டற” என்றாள். கோபம் வந்தாலும் அவள் சொன்னது சரிதான். வாந்தி நிற்காத நாளுக்கு மாத்திரை கையில் இருக்கட்டும், தினசரிக்கு அரைத் தட்டுதான். சுக்குக் காபி கொஞ்சம் கேட்கும், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வேண்டாம். சாப்பிட்டதும் படுக்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது இஞ்சியைவிட எனக்குப் பலன் தந்தது.

மலச்சிக்கலுக்கு இசப்கோலா, லாக்டுலோஸ் சிரப்பா? இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி உப்பும் பொருள். ஊசி போட்ட ஆளுக்குத் தாகமே குறைந்துவிடும். தண்ணீர் குடிக்காமல் இசப்கோலை விழுங்கினால் வயிறு இன்னும் உப்பிக்கொள்ளும். நாளுக்கு இரண்டு லிட்டர் குடிக்க முடிகிறவர்களுக்கு அது நல்லது, முடியாதவர்கள் டாக்டரிடம் லாக்டுலோஸ் பற்றிக் கேட்கலாம். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். கொஞ்சம் வாயு உண்டு, பொறுத்துக்கொள்ளலாம்.

பேதி என்றால் 20.5 கிராம் ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி) பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்பு பானம் அதற்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடுத்துவிட்டது.

அடுத்து டோஸ். அட்டவணைப்படி மௌஞ்சாரோ 2.5 மில்லிகிராமில் தொடங்கி நாலு வாரம் கழித்து 5. வெகோவி 0.25, 0.5, 1, 1.7 என்று மாதம் ஒரு படி ஏறி 2.4. சீக்கிரம் ஏறினால் சீக்கிரம் இளைக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கு 2.5இலேயே வயிறு ஒத்துழைக்காததால் டாக்டர் இன்னும் நாலு வாரம் அங்கேயே நிற்கச் சொன்னார். எடை மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் 5க்குப் போனபோது வாந்தி இல்லை. அக்கா 1 வரை சிரமமில்லாமல் ஏறி அங்கே மாட்டிக்கொண்டாள். தாங்காதபோது நிற்பதுதான் என் கட்சி. நாமாக ஊசியை விட்டு விட்டுப் போடுவது இரண்டிலும் சேராது. இடைவெளி நீண்டால் பழகிய வயிறு பழக்கத்தை மறந்துவிடும்.

சிலவற்றில் ஒப்பிட எதுவும் இல்லை. மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பரவினால் கணைய அழற்சியாக இருக்கலாம், நேரே மருத்துவமனைதான். இன்சுலினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடும், அந்த அளவை முன்பே குறைக்க வேண்டியிருக்கும். மௌஞ்சாரோ போடும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை சரிவர வேலை செய்யாமல் போகலாம். தொடங்கிய பிறகும் ஒவ்வொரு முறை டோஸ் கூட்டிய பிறகும் நாலு வாரம் வேறு தடுப்பும் வேண்டும்.

கடைசியாக, எந்தக் கிழமை? வெள்ளி இரவு போட்டால் சனி, ஞாயிறு ஓய்வெடுக்கலாம் என்பார்கள். மருந்து ரத்தத்தில் உச்சத்துக்குப் போவது முதல் மூன்று நாளுக்குள்தான், அதனால் கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் மட்டன் குழம்பு. இரண்டு வாரம் அந்த வாசனைக்கே மொட்டை மாடிக்கு ஓடிய பிறகு நானும் அக்காவைப் போலப் புதன்கிழமைக்கு மாறிவிட்டேன்.