மூன்றாண்டுப் பழக்கத்தில் ஒரு சமையலறைத் தராசு

விலை குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, உன்னிடம் இருக்கிற அதே தராசை நானும் வாங்கிவிடட்டுமா?" என்று தங்கை கேட்டாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

எடையைப் பொறுத்தவரை இந்தத் தராசு என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. 1 லிட்டர் நல்லெண்ணெய்ப் பாக்கெட்டின் மேல் 910 கிராம் என்று அச்சிட்டிருந்தது. பாத்திரத்தை வைத்துப் பூச்சியமாக்கி, எண்ணெய் முழுவதையும் ஊற்றியபோது 908 காட்டியது. பாக்கெட்டில் ஒட்டிக்கொண்ட துளிகளைச் சேர்த்தால் கணக்குச் சரிதான். பிறகு மி.லி. என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்தினேன். அப்போதும் 908. ஒரு லிட்டர் எண்ணெய் கண்ணெதிரே இருக்க, 908 மி.லி. என்று கூசாமல் காட்டுகிறது.

அந்தப் பொத்தான் கொள்ளளவை அளப்பதே இல்லை. தட்டில் இருப்பது எதுவானாலும் அதைத் தண்ணீர் என்றே வைத்துக்கொண்டு, கிராமுக்குப் பக்கத்தில் அலகின் பெயரை மட்டும் மாற்றிப் போடுகிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இதை அறியாமல்தான் முதல் தீபாவளிக்கு மைசூர்பாகு கிளறினேன். கடலை மாவு ஒரு கப், சர்க்கரை இரண்டு கப், நெய் இரண்டு கப் என்பது குறிப்பு. கப்புக்கு 240 மி.லி. என்று கொண்டு, மூன்றையும் அந்தப் பொத்தானை நம்பி அளந்தேன். 240 மி.லி. கப்பில் கடலை மாவு ஏறத்தாழ 100 கிராம்தான் பிடிக்கும். நான் போட்டதோ 240 கிராம். சர்க்கரை கப்புக்கு 200 கிராம் பிடிக்கும் என்பதால் அதன் அளவு அவ்வளவாக மாறவில்லை. கப் கணக்கில் மாவு ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டிய பாகு ஒன்றுக்கு ஒன்றாகிவிட, கிளறக் கிளற மாவு திரண்டு இறுகி, துண்டு போடும்போது உதிர்ந்துபோனது. நெய்யும் நேரமும் போனதைவிட, பண்டிகை நாளில் அம்மாவின் முன் அந்தத் தட்டை வைக்க நேர்ந்ததுதான் இன்னும் வலிக்கிறது.

ஆனால் தண்ணீர் என்றால் அதே பொத்தான் உண்மை சொல்லும் என்பதால், ஓர் அருமையான பயனும் கிடைத்தது. அம்மாவின் ஆழாக்கை வைத்துப் பூச்சியமாக்கி விளிம்புவரை நீர் நிறைத்தேன்: 210 மி.லி. இத்தனை ஆண்டுகள் எங்கள் வீட்டு இட்லிக்கு நான்குக்கு ஒன்றாக அளந்த பாத்திரத்தின் அளவு அன்றுதான் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு பொருளையும் அதில் தலைதட்டி நிறுத்தேன். இட்லி அரிசி 174 கிராம், ரவை 146, சலித்த மைதா 106. அதே மைதாவை அழுத்தி நிரப்பினால் 138. கப் கணக்கில் கேக் ஒருநாள் பஞ்சாகவும் மறுநாள் கட்டியாகவும் வந்ததன் காரணம் அந்த 32 கிராமில் இருந்தது. அந்தப் பட்டியல் இன்றும் மாவு டப்பாவின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறது.

ஈஸ்ட்டைச் சிறுகச் சிறுகத் தூவினால் எண் நகராது என்பதும், இரண்டு நிமிடம் தொடாவிட்டால் அணைந்துபோய் கணக்கை மறந்துவிடும் என்பதும் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகளே.

இவ்வளவு உழைத்த தராசுதான். ஆனாலும் வாங்க வேண்டாம் என்றே தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். கிராமை மட்டும் காட்டும் தராசு ஒன்றைத் தேடி வாங்கட்டும். அதுவரை அவள் வீட்டு ஆழாக்கை எடுத்துக்கொண்டு வந்தால், நீர் நிறைத்து அளந்து, அவளுக்கும் ஒரு பட்டியல் எழுதித் தருகிறேன்.