காய்லோவர் வாங்கப் போறவங்க கவனிங்க: 58,000 ரூபாய் போச்சு

கோவம் அடங்கறதுக்குள்ள எழுதிடறேன். டீசல் போலோ காரோட உயரத்தை 35 மில்லிமீட்டர் இறக்க வாங்கின காய்லோவர் செட் (ஸ்பிரிங்கும் டேம்பரும், அதாவது ஷாக் அப்சார்பரும், சேர்ந்தது) இது. 58,000 ரூபாய். முழுக்க முழுக்க டுபாக்கூர். பேர் போடல. ரீல்ஸ் போட்டு விக்கற பேஜ், ஊருக்கு வெளிய ஒரு ஷெட், சுவர் முழுக்க பிராண்ட் ஸ்டிக்கர். புரியறவங்களுக்குப் புரியும். வாங்கறதுக்கு முன்ன என்னென்ன பாக்கணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

அந்த ஆள் எடுத்ததும் விலை பேசல. ஹப் சென்டர்ல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நாலு வீல்லயும் அளந்து அனுப்பச் சொன்னார். டயர் சைஸ் என்ன, பின் சீட்ல வழக்கமா எத்தனை பேருன்னு கேட்டார். டீசல்னா முன்பக்கம் வெயிட் ஜாஸ்தி, 6 கிலோ ஸ்பிரிங் (ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுங்கவும் 6 கிலோ பாரம் கேக்கறது) வேணும்னார். "கட் ஸ்பிரிங் பக்கமே போகாதீங்க சார், வெறும் லோயரிங் ஸ்பிரிங் போட்டாலும் கம்பெனி டேம்பருக்கு ஸ்ட்ரோக் (மேல கீழ போற தூரம்) பத்தாது"ன்னார். ஒரு வார்த்தை தப்பில்ல. இவ்வளவு தெரிஞ்சவன் ஏமாத்துவான்னு யாருக்குத் தோணும்? 58,000மும் யூபிஐல முன்கூட்டியே போயிடுச்சு. பில்? "பார்சல் கூடவே வரும் சார்." வரவே இல்ல.

மாட்டினதும் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் முன்பக்கம் பம்ப் ஸ்டாப்ல (பயணம் முடியற இடத்துல இருக்கற ரப்பர் தடுப்பு) போய் டொக்குனு இடிக்குது. கழட்டி, பெயின்ட்டைச் சுரண்டிட்டு வெர்னியர் வச்சா கம்பி 10 மில்லிமீட்டர், உள்விட்டம் 62, வேலை செய்யற சுருள் 7. கணக்குப் போட்டா மில்லிமீட்டருக்கு 3.8 கிலோதான். பெட்டில போட்டிருக்கறது 6. அதே அளவுக்கு 6 வரணும்னா கம்பி 11 மில்லிமீட்டருக்கு மேல இருக்கணும். கம்பி தடிமன் நாலாம் அடுக்குல கணக்குக்குள்ள வருது, அங்கதான் திருடறாங்க. இறக்கின பிறகு மிச்சம் 50 மில்லிமீட்டர் பயணம்னு வைங்க. நிஜ 6 கிலோ ஸ்பிரிங் அந்த 50க்குள்ள கூடுதலா 300 கிலோ தாங்கும். இது 190லயே படுத்துடும்.

டேம்பர் இன்னும் கேவலம். "30 கிளிக் அட்ஜஸ்ட்மென்ட்". முதல் கிளிக்லயும் கடைசி கிளிக்லயும் ராடைக் கையால அழுத்திப் பாருங்க, ஒரே கனம். குமிழைக் கழட்டினா உள்ள ஒரு குட்டி பால், அதுக்கு ஒரு ஸ்பிரிங். சத்தத்துக்கு மட்டும். பிஸ்டன் ராடு நடுவுல துளையே இல்ல, அப்புறம் எண்ணெய் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கற ஊசி எப்படி வால்வுக்குப் போகும்? சீல்ல எண்ணெய்க் கசிவு வேற.

கேட்டா முதல்ல "செட்டில் ஆகணும் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க". ஸ்பிரிங் உக்காந்தா உயரம் சில மில்லிமீட்டர் குறையும், கம்பியா தடிக்கும்? அப்புறம் "உங்க ஊர் ரோடு அப்படி". அப்புறம் "இம்பாக்ட் கன் போட்டு டாப் நட் இறுக்கியிருப்பீங்க" (கையால, நடுவுல துளை இருக்கற பாஸ்-த்ரூ சாக்கெட்ல இறுக்கின வீடியோ அனுப்பியாச்சு). கடைசியா "யூஸ் பண்ண பொருளுக்கு ரிட்டர்ன் இல்ல". இப்ப ப்ளூ டிக் மட்டும். 58,000 ரூபாய்க்கு ப்ளூ டிக்!

விவரமா சொல்றேன்னேன், இப்ப அதுக்குப் பொறுமையில்ல. ஜிஎஸ்டி பில் இல்லாம ஒரு ரூபா அனுப்பாதீங்க. ஜெர்மன் சரக்குன்னா டியூவி தாள் (அந்த ஊர் சோதனை அமைப்போட சான்று) கேளுங்க, பார்ட் நம்பரை ஸ்பிரிங்ல அடிச்ச நம்பரோட ஒப்பிடுங்க. கம்பித் தடிமன், சுருள் எண்ணிக்கை, உள்விட்டம் மூணையும் வெர்னியர் வச்ச போட்டோவா வாங்குங்க. தயங்கினா விட்டுடுங்க. மாட்டும்போது லோயர் ஆர்ம், பின் ஆக்ஸில் புஷ் (இணைப்புல இருக்கற ரப்பர்) போல்ட்டை வண்டி தரைல நிக்கற உயரத்துல இறுக்கச் சொல்லுங்க, தொங்கவிட்டு இறுக்கினா புஷ் முறுக்கிக் கிழியும். அன்னைக்கே அலைன்மென்ட் பண்ணுங்க, டோ (வீல் உள்ள வெளிய திரும்பியிருக்கற கோணம்) மாறியிருக்கும், விட்டா டயர் உள்பக்கம் தின்னுடும். இந்த மாத்தம் பண்ணா கிளெய்ம் செல்லுமான்னு இன்சூரன்ஸ்காரன்கிட்ட எழுத்துல கேட்டுக்கோங்க.

1915ல (தேசிய நுகர்வோர் உதவி எண்) புகார் போட்டாச்சு. 58,000 திரும்பி வந்தா இங்கயே அப்டேட் போடறேன்.