எழுதுபவர் காசா, பல்கலைக்கழகத்தின் காசா?

டர்பனில் திறந்த அணுக்க (யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய) வணிகவியல் ஆய்விதழ் தொடங்கத் துடிக்கும் நம்மவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது இது: செலவை எழுதுபவர் தலையில் கட்டுவதா, பல்கலைக்கழகம் தாங்குவதா?

கட்டணம் வாங்கினால் கையில் பணம் புரளும். ஆனால் ஏற்றுக்கொண்ட கட்டுரைக்குத்தான் காசு. ஆகவே எதையும் ஏற்கும் சபலமும் கூடவே வரும். போதாததற்கு, அங்கீகாரப் பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை வெளியானால் தென்னாப்பிரிக்க உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. இரு பக்கமும் ஆசை, கேட்கவா வேண்டும்! தொகையை முன்கூட்டியே அறிவித்து, பணம் வாங்குபவர் வேறு, முடிவெடுக்கும் இதழாசிரியர் வேறு என்று பிரித்தே ஆகவேண்டும்.

கட்டணமில்லா இதழில் அந்தச் சபலம் இல்லை. உள்ளூர்ப் பேராசிரியரின் கட்டுரையைத் திருப்பி அனுப்பத்தான் கை நடுங்கும். மதிப்பீட்டாளர்களை வெளியிலிருந்து அழைத்தால் சரியாகிவிடும். என் ஓட்டு இதற்கே.