வெட்டினால் நஷ்டம்: மூன்று எண் ஆட்டங்களில் எது தேறும்?

கணக்கை வைத்துச் செய்த பலகை ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. ஒரு கணக்கைப் போட்டால்தான் காயை நகர்த்தலாம் என்று சுங்கம் வசூலிப்பார்கள். சுங்கம் கட்டியதும் ஆட்டம் தன் வழியில் போய்விடும். காயிலுள்ள எண்ணை அழித்துவிட்டாலும் அதே ஆட்டத்தை ஆடலாம் என்றால், அது மாறுவேடம் போட்ட வீட்டுப்பாடம். இந்தச் சோதனையை வைத்து மூன்றை எடுத்துப் பார்க்கலாம்: இடைக்கால ஐரோப்பாவின் ரித்மோமாக்கியா, பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் ஆடும் டாமத், 2014இல் வந்த பிரைம் கிளைம்ப்.

குவியல்களிலிருந்து மாறி மாறிக் குச்சி எடுக்கும் நிம் ஆட்டத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இரும எண்களைக் கொண்டு அதை ஜெயிக்கும் வழியை 1901இலேயே கணிதவியலாளர் சார்லஸ் பூட்டன் எழுதிவிட்டார். விஷயம் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்தால், யார் ஜெயிப்பார் என்பது முதல் குச்சியை எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ரித்மோமாக்கியா என்றால் எண்களின் போர். 11ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் தேவாலய, மடாலயப் பள்ளிகளில் உருவானது. ரோமானிய அறிஞர் போயத்தியஸின் எண் கணிதத்தைப் பழக்குவதற்கான கருவி. பலகை 8க்கு 16 கட்டம். ஒரு பக்கம் இரட்டைப்படையிலிருந்து கிளைத்த எண்கள், மறுபக்கம் ஒற்றைப்படையிலிருந்து கிளைத்தவை. இரண்டு படைகளும் சமமாக இருக்காது, அதுதான் இதன் அழகு. ஒரே எண் கொண்ட எதிரியைச் சந்தித்தால் வெட்டலாம் என்றொரு விதி உண்டு. இரண்டு படைகளுக்கும் பொதுவான எண்கள் எவை என்று எழுதிப் பாருங்கள்: 9, 16, 25, 36, 49, 64, 81. அத்தனையும் முழு வர்க்கங்கள்! மற்ற காய்களைப் பிடிக்க வேறு வழி தேட வேண்டும். காயின் எண்ணைத் தூரத்தால் பெருக்கித் தாக்கலாம்: 8 என்ற காய் 7 கட்டத் தூரத்தில் நிற்கும் 56ஐ அடிக்கும். இரண்டு காய்கள் சேர்ந்து மடக்கலாம்: 4ம் 8ம் கூடி 12ஐப் பிடிக்கும். ஒற்றைப்படைத் தரப்பின் பெரிய காய் 361. அதாவது 19இன் வர்க்கம். பெருக்கலுக்கு அது மசியாது. கூட்டி மடக்க வேண்டுமென்றால் 289, 72 என்ற ஒரே ஜோடிதான் உண்டு. அந்த இரண்டில் ஒன்றை இழந்துவிட்டால் 361ஐச் சுற்றி வளைத்தால்தான் உண்டு.

சோதனையில் இது முழு மதிப்பெண் வாங்குகிறது. எண்ணை எடுத்துவிட்டால் எதுவுமே மிஞ்சாது. முழு வெற்றிக்கே எதிரியின் எல்லைக்குள் கூட்டுத் தொடரோ பெருக்குத் தொடரோ இசைத் தொடரோ (தலைகீழிகள் கூட்டுத் தொடராக வரும் எண்கள்) அமைக்க வேண்டும். ஆனால் ஆடுவதற்கு? ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இருபதுக்கு மேற்பட்ட காய்களின் தூரம், கூட்டல், பெருக்கல் எல்லாவற்றையும் சரிபார்க்கத் தலை கிறுகிறுத்துவிடும். விதிகளும் காலத்துக்கு ஒன்றாக, நூலுக்கு ஒன்றாக மாறியிருக்கின்றன. எந்த விதிப்படி ஆடுவது என்று பேசி முடிப்பதே ஒரு தனி ஆட்டம்.

பிரைம் கிளைம்ப் இதற்கு நேர் எதிர். டான் ஃபிங்கெலும் கேத்தரின் குக்கும் உருவாக்கியது. இரண்டு பத்துமுகப் பகடைகளை உருட்டி, வந்த எண்களைக் கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ, தன் இரண்டு காய்களையும் சரியாக 101க்குக் கொண்டுபோக வேண்டும். 33இல் நிற்கும்போது 3ம் 2ம் விழுந்தால் மூன்றால் பெருக்கி 99, இரண்டைக் கூட்டி 101. அந்த நொடியில் ஒரு துள்ளல் இருக்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் பகாக் காரணிகளின் நிறம் தீட்டியிருப்பது அருமையான யோசனை. ஆனால் கடிவாளம் பகடையின் கையில். உத்தி வேண்டுமென்று வருபவருக்கு இது போதாது.

டாமத்துக்கு வருவோம். சோர்சொகன் மாகாணத்து ஆசிரியர் ஹெசூஸ் ஹுவெண்டா உருவாக்கியது. செக்கர்ஸ் போன்ற 'டாமா' என்ற ஆட்டத்தோடு கணக்கைச் சேர்த்ததால் இந்தப் பெயர். 8க்கு 8 பலகை, ஆளுக்கு 12 காய்கள், காய் நிற்கும் கட்டங்களில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் குறிகள். வெட்டும் காய் எந்தக் குறியில் போய் இறங்குகிறதோ, அந்தக் குறிப்படி அதன் எண்ணையும் வெட்டுப்பட்ட காயின் எண்ணையும் கணக்கிட்டு மதிப்பெண் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியில் கூட்டுத்தொகை அதிகமுள்ளவர் ஜெயித்தவர். இயல் எண்கள், முழுக்கள், விகிதமுறு எண்கள், கரணிகள், பல்லுறுப்புக் கோவைகள் என்று எண் தொகுதிக்கு ஒரு பதிப்பு இருக்கிறது.

இயல் எண் பதிப்பு சுமார்தான். வெட்டினால் பெரும்பாலும் லாபம், அவ்வளவே. முழுக்கள் பதிப்பில்தான் விஷயம் தலைகீழாகிறது. அதில் 10, 8 மாதிரி காய்களோடு −11, −9, −7 எல்லாம் உண்டு. வெட்ட வாய்ப்பிருந்தால் வெட்டியே தீர வேண்டும். என் −11ஐ எதிராளியின் 10க்கு முன்னால் வைக்கிறேன். வெட்டிவிட்டு அந்த 10 பெருக்கல் கட்டத்தில் இறங்குமாறு பார்த்துக்கொள்கிறேன். வேறு வழியில்லாமல் அவர் வெட்டுகிறார்: −110. அந்த 10 ஏற்கெனவே எதிர் ஓரத்தை எட்டி 'டாமா' (செக்கர்ஸ் ராஜா மாதிரி) ஆன காயாக இருந்தால் இரட்டிப்பாகி −220. கையில் மிஞ்சும் காய்களும் இறுதிக் கணக்கில் சேரும் என்பதால், −11 தொலைந்ததே எனக்கு லாபம். ஆனால் அதே இடத்தில் அவருடைய −9 நின்றிருந்தால்? அவருக்கு 99. ஒரே பொறி, காயின் குறி மாறியதும் வைத்தவனையே கடிக்கிறது. குறை எண்களின் பெருக்கலை இவ்வளவு வலிக்கவைக்கும் ஆட்டம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

குறையும் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் தாளில் எழுத வேண்டும். எழுதியதை எதிராளி சரிபார்க்க வேண்டும். பின்னம் வந்துவிட்டால் வேகம் படுத்துவிடும். கரணிப் பதிப்பில் இது இன்னும் மோசம். அங்கே மறுபடி வீட்டுப்பாட வாடை அடிக்கிறது.

ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமென்றால் என் ஓட்டு முழுக்கள் டாமத்துக்கு. ரித்மோமாக்கியாவைப் பலகையில் ஆடுவதைவிட, ஓய்வான ஒரு மாலையில் பென்சிலோடு உட்கார்ந்து அதன் எண்களைப் பிரித்துப் பார்ப்பதில்தான் எனக்குச் சுவை. பிரைம் கிளைம்ப், நான்கு பேர் கூடும் நாளுக்கு. டாமத்தைத் தொடங்குபவர்கள் முதல் சில ஆட்டங்களில் தங்கள் −11 எங்கே நிற்கிறது, பக்கத்துப் பெருக்கல் கட்டம் எது என்பதை மட்டும் கவனித்தால் போதும். மற்றதை எதிராளி கற்றுக்கொடுத்துவிடுவார்.