‘கிராஃபிக்ஸ் சிப் போய்விட்டது’ என்று 18,500 ரூபாய் வாங்கினார்கள்: வீடியோ எடிட்டர்களுக்கு எச்சரிக்கை

எடிட்டிங் மென்பொருள் பாதியில் தானாக மூடிக்கொள்கிறது என்று மடிக்கணினியைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் செல்லப் போகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். செய்யாத ஒரு வேலைக்காக என்னிடம் 18,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள் என்பது நேற்று மாலைதான் உறுதியாயிற்று. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். புகார் நடவடிக்கை தொடங்கியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். சென்னையின் தென் புறநகரில் உள்ள, எல்லா நிறுவனங்களின் மடிக்கணினிகளையும் சரிசெய்வதாகச் சொல்லிக்கொள்ளும், வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்லும் வசதியுள்ள ஒரு கடை அது. அருகிலுள்ள சேவைகளைப் பட்டியலிடும் ஒரு தளத்தில் நல்ல மதிப்பெண்களோடு இருந்ததால் அழைத்தேன். இப்படிப்பட்ட பழுதுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பவன். ஆவணி முகூர்த்தங்களின் வேலை மேசையில் குவிந்திருந்த நேரத்தில் எடிட்டிங் மென்பொருள் தகராறு செய்யத் தொடங்கியது. காட்சித் துண்டுகளை (கிளிப்களை) வரிசையாக அடுக்கும் டைம்லைனில் சில கிளிப்களின் மேல் கர்சரை இழுத்தால் திரை ஒரு கணம் உறைந்து மென்பொருள் மறைந்துவிடும். தொகுத்ததை முழு வீடியோவாக வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் போட்டால் முகூர்த்தக் காட்சிக்கு வரும்போது எந்த அறிவிப்பும் இன்றி நின்றுவிடும். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன், மென்பொருள் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகளான மீடியா கேஷைத் துடைத்தேன், புதிய புராஜெக்டில் பழைய டைம்லைனை இறக்கிப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. மணப்பெண் வெளிநாடு கிளம்புவதற்குள் வீடியோ வேண்டும் என்று ஒரு குடும்பம் தினமும் அழைத்துக்கொண்டிருந்தது.

கடையிலிருந்து வந்தவரை நான் நம்பியதற்குக் காரணங்கள் இருந்தன. மேசைமேல் துணி விரித்து, மணிக்கட்டில் நிலைமின் பட்டையைக் கட்டிக்கொண்டு, பின்மூடியின் திருகுகளைக் கழற்றக் கழற்ற அவை இருந்த வரிசையிலேயே ஒரு காந்தத் தட்டில் அடுக்கினார். சிப்பின் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவும், காய்ந்து வெடித்திருந்த தெர்மல் பேஸ்ட்டைக் கைபேசி வெளிச்சத்தில் காட்டினார். “சார், உங்கள மாதிரி வெட்டிங் எடிட்டர்ஸ் மெஷின்தான் எங்களுக்கு நிறைய வரும். ராத்திரி பகலா ரெண்டர் போட்டா கிராஃபிக்ஸ் சிப் தாங்காது சார்” என்றார். தொழில் தெரிந்தவரின் கைப்பழக்கம் அது என்றுதான் யாருக்கும் தோன்றும். பிறகு மூடியைப் பொருத்தி, கணினியை இயக்கி, கணினியில் நடப்பவற்றைப் பதிந்துவைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான வரிகள் ஓடுவதைக் காட்டினார். “இவ்வளவு எர்ரர் இருக்கு, பாத்தீங்களா? சிப்போட பால் விட்டுப்போச்சு. ரீபாலிங் பண்ணணும். போர்டு மாத்தினா எழுபதாயிரம் ஆகும், நாங்க 18,500க்கு முடிச்சுத் தரோம்” என்றார். அவர் ‘பால்’ என்றது, சிப்பைப் போர்டோடு இணைக்கும் சின்னச் சின்ன சால்டர் மணிகளை; அவற்றை மாற்றிப் பதிப்பதுதான் ரீபாலிங்.

அந்தச் சிவப்பு வரிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் பறிக்கும் வேலை அங்கேதான் நடந்தது. ஈவென்ட் வியூவரில் பிழைகளும் எச்சரிக்கைகளும் இல்லாத விண்டோஸ் கணினியே கிடையாது. நேற்று வாங்கிய கணினியிலும் இருக்கும். அவர் எனக்கு விரலால் தொட்டுக் காட்டிய வரிகளில் பெரும்பாலானவை 10016 என்ற எண் கொண்டவை. அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களிலேயே எழுதி வைத்திருக்கிறது. தொலைபேசியில் அழைத்து ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று மிரட்டும் மோசடிக் கும்பல்கள் பல ஆண்டுகளாகக் காட்டி வருவதும் இதே திரையைத்தான்.

முன்பணமாக 10,000 ரூபாயை யூபிஐ மூலம் அனுப்பினேன். கணினியைத் திரும்ப ஒப்படைக்கும்போது மீதி 8,500 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, “போட்டா 18 பர்சன்ட் கூட வரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்” என்று சொல்லி, ‘சிப் லெவல் சர்வீஸ், 90 நாள் வாரண்டி’ என்று கையால் எழுதிய ஒரு ஜாப் ஷீட்டைத் தந்தார்கள். அன்று இரவே அதே டைம்லைனைத் திறந்தேன். அதே கிளிப்பில், அதே மாதிரி மென்பொருள் மறைந்தது.

அதற்குப் பிறகு கேட்ட பதில்களை வரிசையாக எழுதினாலே அவர்களுடைய யோக்கியதை விளங்கும். முதலில், “புது சிப் செட் ஆக ரெண்டு நாள் ஆகும் சார்” என்றார்கள். ரீபாலிங்கில் சிப் புதிதாக மாற்றப்படுவதே இல்லை. இருக்கும் சிப்பைத்தான் மறுபடி பதிக்கிறார்கள். தாங்கள் எந்த வேலைக்குக் காசு வாங்கினோம் என்பதே அவர்களுக்கு நினைவில்லை. அடுத்த முறை, டெக்னீஷியன் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். வாட்ஸாப்பில் நான் அனுப்பிய திரைப்பதிவைப் பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. நேரில் போனபோது, யூடியூபில் ஒரு 4கே வீடியோவை ஓடவிட்டு, “நல்லாத்தானே ஓடுது” என்றார்கள். எடிட்டிங் மென்பொருளைத் திறந்து அந்தக் கிளிப்பை இழுத்துக் காட்டினேன். அவர்கள் கண்முன்னாலேயே அது மூடிக்கொண்டது. உடனே கல்லாவில் இருந்தவர், “கிராக் வெர்ஷன் போட்டிருப்பீங்க, அதான்” என்று மற்ற வாடிக்கையாளர்கள் கேட்கும்படி உரக்கச் சொன்னார். மாதாமாதம் கட்டணம் செலுத்தும் ரசீதைக் கைபேசியில் எடுத்து நீட்டினேன். அதைப் பார்க்காமலே, “அப்ப அது சாஃப்ட்வேர் ப்ராப்ளம், வாரண்டி ஹார்ட்வேருக்கு மட்டும்தான்” என்று முடித்துவிட்டார். மென்பொருள் பிரச்சினை என்றால் ஹார்ட்வேருக்கு ஏன் 18,500 ரூபாய் வாங்கினீர்கள் என்ற என் கேள்விக்கு, “ஓனர் வெளியூர் போயிருக்கார், மெயில் போடுங்க” என்பதுதான் விடை. மெயிலும் போட்டேன். இந்த வரியை எழுதும் வரை பதில் இல்லை.

சாலிகிராமத்தில் ஒரு போஸ்ட் புரொடக்‌ஷன் கூடத்தில் வேலை செய்யும் நண்பர், ஒரே உட்காரலில் காரணத்தைக் கண்டுபிடித்தார். அவர் முதலில் கேட்டது, எல்லாக் கிளிப்களிலும் இப்படி ஆகிறதா, சிலவற்றில் மட்டுமா என்பதுதான். அந்தக் கடையில் ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்கவில்லை. பிரித்துப் பார்த்தபோது, டிரோன் கிளிப்களும் கைபேசிக் கிளிப்களும் சிக்கலின்றி ஓடின. பிரதான கேமராவில் எச்.265 என்ற சுருக்க முறையில், நிற விவரங்கள் கூடுதலாக இருக்கும் 10 பிட், 4:2:2 வகையாகப் பதிவானவை மட்டுமே மென்பொருளைக் கவிழ்த்தன. பிறகு அவரும் ஈவென்ட் வியூவரைத் திறந்தார். ஆனால் ‘அப்ளிகேஷன்’ பதிவில் 1000 என்ற எண்ணை மட்டும் வடிகட்டி, எடிட்டிங் மென்பொருளின் பெயர் வரும் வரியைத் தேடி எடுத்தார். செயலிழப்புக்குக் காரணமான கோப்பு எது என்று அதில் ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே கோப்புதான்: பிராசசருக்குள்ளேயே இருக்கும் உள்ளமை கிராஃபிக்ஸின் டிரைவர் கோப்பு, அதாவது அந்தப் பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள். விண்டோஸ் அப்டேட் வரலாற்றைப் பார்த்தால், தகராறு தொடங்கிய வாரத்தில்தான் அந்த டிரைவர் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது.

என் கணினியில் இரண்டு கிராஃபிக்ஸ் உண்டு. தனியாக இருக்கும் ஆர்டிஎக்ஸ் 30 வரிசைச் சிப் ஒன்று, பிராசசரோடு சேர்ந்தது மற்றொன்று. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய சிப்களுக்கு 4:2:2 வீடியோவை விரித்துக் காட்டும் வசதியே கிடையாது. அதனால் அத்தகைய கிளிப்கள் வரும்போது என் எடிட்டிங் மென்பொருள் அந்த வேலையை உள்ளமை கிராஃபிக்ஸிடம் கொடுக்கிறது. ஆக, நான் 18,500 ரூபாய் கொடுத்து ‘ரீபாலிங்’ செய்த சிப்புக்கு இந்தப் பழுதில் பங்கே இல்லை. நண்பர் மென்பொருள் அமைப்பில், வீடியோவை விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸிடம் ஒப்படைக்கும் ஹார்ட்வேர் டிகோடிங்கை அணைத்தார். எக்ஸ்போர்ட் மெதுவாக ஓடினாலும் முழுதாக முடிந்தது. பிறகு விண்டோஸ் அடிப்படை வசதிகளோடு மட்டும் இயங்கும் சேஃப் மோடில் அந்த டிரைவரை முற்றிலும் நீக்கி, மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பழைய பதிப்பை இறக்கி நிறுவினார். ஹார்ட்வேர் டிகோடிங்கை மறுபடி இயக்கியபின் வேகமும் திரும்பியது. செலவு, ஒன்றும் இல்லை.

சரி, தேவையில்லாவிட்டாலும் வேலையாவது செய்தார்களா என்று தெரிந்துகொள்ள சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் சிப் வேலை மட்டுமே செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ரீபாலிங் என்றால் என்ன என்று அவர் பொறுமையாக விளக்கினார். சிப்பின் அடியிலுள்ள ஈயமில்லா சால்டர் உருகுவதற்கு 217 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்க வேண்டும். சிப்பைத் தூக்கி, பழைய சால்டரைச் சுரண்டி, துளைகள் உள்ள ஸ்டென்சில் தகட்டை வைத்துப் புதிய மணிகளை அமர்த்தி, மீண்டும் சூடாக்கிப் பதிக்க வேண்டும். பிறகு சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கைக் கழற்றி, பூதக்கண்ணாடியின் கீழ் சிப்பின் மூலைகளைக் காட்டினார். தொழிற்சாலையில் நான்கு மூலைகளிலும் வைத்த சிவப்புப் பசை கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. “இந்தப் பசையை எடுக்காம சிப்பைத் தூக்கவே முடியாதுங்க. சால்டர் வைக்கிறப்ப பூசுற ஃபிளக்ஸோட கறைகூட எங்கயும் இல்ல. பேஸ்ட் மட்டும் புதுசா தடவியிருக்காங்க” என்றார். சில நூறு ரூபாய் பெறும் தெர்மல் பேஸ்ட். அதற்கு என்னிடம் 18,500 ரூபாய். அந்தப் பசையை நான்கு கோணங்களில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்குப் பொறுக்க முடியாதது, அவர்கள் தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்பதுதான். சிப்பைத் தூக்கியே பார்க்காமல் அதில் வேலை செய்ததாகக் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குத் தெரியாமை காரணமாக இருக்க முடியாது. முகூர்த்த மாதங்களில் எடிட்டர்கள் அவசரத்தில் இருப்பார்கள், கேள்வி கேட்க நேரம் இருக்காது என்ற கணக்கு இதில் இருக்கிறது. அந்த மணப்பெண்ணின் குடும்பத்துக்கு முழு வீடியோவைக் குறித்த நாளில் தர முடியவில்லை; நேர்ந்த அவப்பெயர் என்னுடையது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். தொழிலுக்குப் பயன்படுத்தும் கருவி என்பதால் வழக்குப் போட முடியாது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே பயன்படுத்துகிறவர்களும் நுகர்வோரே என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும்.

விரிவாக எழுத நினைத்த வழிமுறைகளுக்கு இப்போது நேரமில்லை, முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். எந்தக் கிளிப்பில் நிற்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஹார்ட்வேர் டிகோடிங்கை அணைத்து ஒருமுறை எக்ஸ்போர்ட் போட்டுப் பாருங்கள். இரண்டு கிராஃபிக்ஸின் டிரைவர்களும் எப்போது மாறின என்று கவனியுங்கள். சிப் உண்மையிலேயே போயிருந்தால் பெரும்பாலும் திரையில் கோடுகளும் கட்டங்களும் தெரியும், அல்லது மற்ற கனமான வேலைகளிலும் கணினி தடுமாறும். ஒரே மென்பொருள், ஒரே வகைக் கிளிப் என்றால் சந்தேகப்படுங்கள். ஈவென்ட் வியூவரைக் காட்டிப் பயமுறுத்துகிறவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள். போர்டு வேலை என்று சொன்னால், செய்வதற்கு முன்னும் பின்னும் சிப்பின் மூலைகளைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்தில் யாரிடமாவது ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்று கையால் எழுதிய ஜாப் ஷீட் இருந்தால், எனக்குத் தனிச்செய்தியில் அதன் படத்தை அனுப்புங்கள். ஒரே கடை என்றால் அடுத்த வாரம் மனு எழுதும்போது அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.