லஞ்ச் பிரேக்ல உலகம் சுத்த ஜியோகெஸ்ஸர்: ஒரு ரிவ்யூ

வெளிநாடெல்லாம் சுத்திட்டு வந்து இப்ப டேட்டா என்ட்ரி சீட்ல உக்காந்திருக்கீங்களா, அப்ப இந்த ரிவ்யூ உங்களுக்குத்தான். மத்தவங்களுக்கு இது சும்மா ஒரு மேப் கேம்.

ஆன்டன் வாலேன்னு ஒரு ஸ்வீடன்காரர் 2013ல கொண்டுவந்தது. கூகுள் ஸ்ட்ரீட் வியூல, அதாவது கூகுள் கார் போய் எடுத்து வச்ச ரோட்டுப் படங்கள்ல, ஏதோ ஒரு ரோட்டுல நம்மள இறக்கி விட்டுடும், எங்க நிக்கிறோம்னு மேப்ல குத்தணும். அஞ்சு ரவுண்டு, ரவுண்டுக்கு அதிகபட்சம் 5,000 பாயிண்ட், தூரம் கூடக்கூட குறையும். அவ்ளோதான் ரூல்.

என் வேலை என்னன்னா ஒரு ஸ்க்ரீன்ல இருக்கிற இன்வாய்ஸ் நம்பர இன்னொரு ஸ்க்ரீன்ல இருக்கிறதோட ஒத்துப் பாக்கிறது, சரியா இருந்தா டிக், இல்லன்னா சீனியருக்கு மெயில். சம்பளம் தேதிக்கு வருது, கூட இருக்கிறவங்களும் தங்கமானவங்க, அதுல ஒண்ணும் குறையில்ல. ஆனா கிர்கிஸ்தான்ல சோன் குல் ஏரிக்கு குதிரைல ஏறிப் போனவனுக்கு (3,000 மீட்டருக்கு மேல, ஜூலைலயும் ராத்திரி பல்லு கிடுகிடுக்கும்) காலைல வந்து உக்காரும்போதே சாயங்காலம் வரைக்கும் என்னென்ன நடக்கும்னு தெரிஞ்சுபோறதுதான் தாங்க முடியல. வேலை கஷ்டமா இருந்தாக்கூட பரவாயில்ல போல.

பழைய போட்டோவ எடுத்துப் பாருன்னு சொல்வாங்க, பாக்காதீங்க, இன்னும் மோசமாகும், அதுல அடுத்து என்னன்னு தெரிஞ்சிக்க ஒண்ணும் மிச்சமில்ல.

இந்த கேம்ல மிச்சம் இருக்கு. படம் லோட் ஆன முதல் சில செகண்ட், அரைத்தூக்கத்துல நைட் பஸ்ஸ விட்டு இறங்கி சுத்திமுத்தும் பாப்போமே, அதேதான். வண்டி எந்தப் பக்கம் ஓடுது, சூரியன் வடக்க இருக்கா தெக்க இருக்கா, போர்டுல என்ன எழுத்து. ரஷ்யாக்காரங்க எழுதுற சிரிலிக் எழுத்துல ஓ மாதிரி எழுத்துக்கு நடுவுல கோடு இருந்தா மங்கோலியாவா கிர்கிஸ்தானான்னு குழப்பம் வரும், கூடவே ஹெச் மாதிரி எழுத்துக்கு வால் இருந்தா மங்கோலியா இல்ல, அந்த எழுத்து அவங்ககிட்ட கிடையாது. ஜப்பான்ல கரண்ட் கம்பத்தோட அடியில மஞ்சள் கறுப்பு பட்டை நிறைய பாக்கலாம். நேர்ல போனப்ப இதையெல்லாம் யார் பாத்தா!

சீரியஸா ஆடுறவங்க வேற ரகம். கென்யால கூகுள் காரோட ஸ்நார்கெல் (இன்ஜினுக்கு மேல இருந்து காத்து இழுக்கிற குழாய்) படத்துல தெரியும், கானால கார் மேல இருக்கிற கம்பில கறுப்பு டேப் சுத்தியிருக்கும், அத வச்சே கண்ண மூடிட்டு நாட்ட சொல்லிடுவாங்க. எனக்கென்னவோ அது பிட் அடிக்கிற மாதிரிதான் இருக்கு.

குறைன்னு பாத்தா இலவசமா ஆட அளவு உண்டு, முழுசா வேணும்னா சந்தா கட்டணும். சீனாவோட பெரும்பகுதி கிடையவே கிடையாது. பெரும்பாலும் கார் போன ரோடுதான், குதிரை ஏறுற மேட்டுக்கெல்லாம் போக முடியாது. அப்புறம் ரோட்டுல ஆள் நிப்பாங்க, முகம் மங்கலா இருக்கும், வழி கேக்க முடியாது. எனக்கு பெரிய குறை என்னன்னா தப்பான இடத்துல குத்தினா போறது பாயிண்ட் மட்டுந்தான், கடைசி பஸ்ஸ விட்டுட்டு ராத்திரி எங்க படுக்கிறதுன்னு முழிக்கிற அந்த வயித்துக் கலக்கம் இதுல வராது, அது இல்லாம பயணம் பாதிதான்.

ஆபீஸ்ல ஆடுறதா இருந்தா நோ மூவ் மோட் எடுங்க, நின்ன இடத்துல இருந்தே திரும்பிப் பாத்து சொல்லணும், ரவுண்டுக்கு ஒரு நிமிஷம் டைமர் வச்சா சாப்பிட்டு கை கழுவினப்புறம் ஒரு ஆட்டம் முடிச்சிடலாம். ரோட்டோடயே போயிட்டிருக்கிற மோட் லீவு நாளுக்கு, அதுல உக்காந்தா மேனேஜர் வந்து தேடுவாரு. வருஷ சந்தா மட்டும் எடுத்த எடுப்புல கட்டிடாதீங்க, அடுத்த டிக்கெட்டுக்கு காசு சேக்கிறதுதான முதல் வேலை.