வெப்சைட் மெனுவைச் சோதிக்க எது நல்லது: காகிதமா, டிரீ டெஸ்டா, ஃபிக்மாவா?

காட்பாடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வெப்சைட் மெனுவை மாற்றிக் கொடுக்கும் வேலை வந்தது. கோடிங்கில் கை வைப்பதற்கு முன் மூன்று வழிகளிலும் சோதித்துப் பார்த்தோம். நேரமும் பணமும் குறைவு என்றால் டிரீ டெஸ்டில் ஆரம்பியுங்கள் என்பேன்.

அதில் நிறம், படம் எதுவும் கிடையாது. மெனுவின் தலைப்புகளும் உட்தலைப்புகளும் வெறும் எழுத்தாக இருக்கும். ஒரு வேலையைச் சொல்லி, எங்கே தேடுவீர்கள் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். பரிசோதனைக்கு வந்திருந்த ஓர் அம்மாவிடம், "நேத்து குடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட் வந்துடுச்சான்னு பாக்க எதைத் தொடுவீங்கம்மா?" என்றேன். நாங்கள் அதை வைத்திருந்தது 'நோயாளர் சேவைகள்' என்பதன் கீழே. அவர் விரல் அதைத் தாண்டிப் போய் 'தொடர்புக்கு' என்பதில் நின்றது. "போன் பண்ணிக் கேட்டுக்குவேம்பா" என்றார். அடுத்து வந்த மூன்று பேரும் அதையேதான் தொட்டார்கள். 'ரிசல்ட் பார்க்க' என்று பெயர் மாற்றி முதல் வரிக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் யாரும் தடுமாறவில்லை. பெயரில் இருந்த கோளாறு அது. எவ்வளவு அழகாக டிசைன் செய்திருந்தாலும் தீர்ந்திருக்காது.

காகித மாதிரி, அதாவது திரைகளைத் தாளில் வரைந்து காட்டுவது, எங்களுக்குள் பேசி முடிவெடுக்க உதவியது. அழித்து வரைய ஐந்து நிமிடம் போதும். ஆனால் தொட்டதும் நாம் தாளை மாற்றி வைக்கும்போது, வந்தவர் தாளை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறார்.

ஃபிக்மா என்பது, கோடிங் இல்லாமலேயே தொட்டுப் பார்க்கும்படி மாதிரித் திரைகளைச் செய்ய உதவும் மென்பொருள். டிரீ டெஸ்டில் சிக்காத ஒன்று அதில் சிக்கியது. வேலூருக்குச் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வருபவர்கள் ஏராளம். காந்தி ரோட்டுக் கடைப் பலகைகளிலேயே வங்க எழுத்தைப் பார்க்கலாம். நாங்களோ மொழி மாற்றும் பட்டனை மூன்று கோடு மெனுவுக்குள் வைத்திருந்தோம். 1981-இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்த அந்தக் குறி எல்லோருக்கும் பழகியிருக்கும் என்று நினைத்துவிட்டோம். கொல்கத்தாக்காரர் ஒருவர் போனை வாங்கி, பக்கத்தைக் கடைசி வரை தள்ளிப் பார்த்தார், திரும்ப மேலே வந்தார். மூன்று கோட்டை அவர் தொடவே இல்லை. தொட்டிருந்தாலும் உள்ளே 'மொழி' என்று தமிழில்தான் இருந்தது. இப்போது மேல் மூலையிலேயே வங்க மொழியின் பெயர் வங்க எழுத்தில் தெரிகிறது.

அப்புறம், எத்தனை பேரிடம் சோதிப்பது? ஒருவரை வைத்துச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்கள் தெரியும் என்று நீல்சன், லாண்டவர் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-இல் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் ஐந்து பேருக்குச் சுமார் 85 சதவீதம் வரும். ஆனால் அந்த ஐவரும் ஒரே வகைப் பயனர்களாக இருக்க வேண்டும். அதனால் தமிழ் படிப்பவர்கள் ஐவர், வங்கம் படிப்பவர்கள் ஐவர் என்று தனித்தனியே உட்கார வைத்தோம். எல்லோரிடமும் லேப்டாப்பைக் காட்டாமல் போனைத்தான் கொடுத்தோம்.